அக்கா, பந்தியில் நீ கேட்டதற்குப் பதில்

அக்கா,

அம்மா திதியன்று பந்தியில் வைத்து நீ கேட்டபோது வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். சித்தப்பா இருந்தார், மருமகள்கள் இருந்தார்கள். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்று தெரியும், எனவே நகை, பங்கு பற்றியெல்லாம் இதில் ஒரு வரிகூட இருக்காது.

"இந்த வயசுல யோகா டீச்சராடி?" கோயமுத்தூர்க்காரி கேட்கிற கேள்வியா இது? நம்ம ஊர் நானம்மாள் பாட்டி தொண்ணூறு தாண்டியும் சொல்லிக்கொடுத்து, 2018இல் பத்மஸ்ரீயும் வாங்கியவர். ஆனால் அவரை எனக்கு உதாரணம் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல்தான். அவர் சின்ன வயதிலேயே வீட்டில் கற்றுக்கொண்டவர். நானோ வஜ்ராசனத்தில் உட்கார, குதிகாலுக்கு மேல் ஒரு தலையணை வைத்துக்கொள்கிற ஆள். எனக்குத் தெம்பு கொடுப்பது மேல்நாடுகளில் யோகா சொல்லிக்கொடுத்த இந்திரா தேவி. 1899இல் ஐரோப்பாவில், ரிகாவில் பிறந்தவர், மைசூரில் யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார் முன்னால் போய் நின்றபோது நாற்பதை நெருங்கியிருந்தார். குரு முதலில் முடியாது என்றுதான் சொன்னார், மகாராஜா சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். எனக்காகப் பேச நம் வீட்டில் நீ ஒருத்திதான் இருந்தாய். நீ பேசவில்லை.

சரி, அதை விடு. எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அம்மாவை ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மூச்சை இழுத்துக்கொண்டே கையைத் தூக்கும்மா, விட்டுக்கொண்டே இறக்கும்மா என்றேன். வகுப்பில் படித்ததே அவ்வளவுதான்: முதலில் மூச்சு கிளம்ப வேண்டும், கை அதன் பின்னால் போக வேண்டும். வலது கை போனது. அப்புறம், நான் சொல்லாமலே, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து அதையும் சேர்த்துத் தூக்கினாள். வளையல் முழங்கை வரை சரிந்தது. ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தாள்.

நீ சமையலறை வாசலில் நின்றாய், மாத்திரையைப் பொடித்துக் கரைத்த ஸ்பூனோடு. "நீ வந்தா கையத் தூக்கறாங்க. எனக்கு ஒரு மாத்திரை முழுங்க மாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து வந்திருக்கலாம். இன்னொரு தடவை தூக்குவாளா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், இத்தனை பேர் பார்க்கவே கேட்கிறேன். ஆனால் ஆள் வைக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் "அம்மாவ வேற ஒருத்தி தொடக்கூடாது" என்றது யார்? அம்மாவோடு சேர்த்து அந்தப் பெருமையையும் நீதானே வைத்துக்கொண்டாய்?

வகுப்புக்குப் போன சனி ஞாயிறுகளில் அங்கே வந்திருக்கலாமே என்கிறாய். அந்த வகுப்பு இல்லாவிட்டாலும் வந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இங்கே அப்போது வீட்டில் என்ன நிலைமை என்று உனக்குத் தெரியும், அதை இங்கே எழுத முடியாது. அந்த ஹாலில் படுத்துச் சவாசனம் செய்த நேரம் மட்டும்தான் என்னை யாரும் எதுவும் கேட்காத நேரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேலையை எழுதிக்கொடுத்துவிட்டேன். அம்மா வீட்டு ஹாலில் காலையில் வகுப்பு வைக்கப் போகிறேன், முட்டிவலிக்காரிகளுக்கும் பிரஷர்காரிகளுக்கும். நாற்காலியும் சுவரும் போதும். பிரஷர் உள்ளவர்களைத் தலைகீழாக நிறுத்த மாட்டேன், எலும்பு தேய்ந்தவர்களை மடங்கிக் குனிய விடமாட்டேன். எதைச் செய்யச் சொல்லக்கூடாது என்பது என் முட்டியே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இருபத்தைந்து வயதில் வாத்தியாராகியிருந்தால் இது எனக்குப் புரிந்திருக்காது.

அன்றைக்கு மேல்தட்டிலிருந்து டவராவை எடுக்க நீ இடது கையை நீட்டினாய். வலது தோள் மேலே போகவில்லை, இல்லையா? அம்மாவைத் தூக்கித் தூக்கி வந்தது. டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டால் கோபப்படுவாய். வகுப்புக்கு வா என்றும் கூப்பிட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். கட்டிலைக் கொடுத்துவிடுவதா, பின்கட்டில் போடுவதா, நீதான் சொல்ல வேண்டும். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடாதே, நீயே இரு.