கட்டைகள் இல்லாத இசைக்கருவி: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேறி மாலை நேரப் பாட்டு வகுப்புகளை மீண்டும் தொடங்கிவிட்டாய் என்று அறிந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம். பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டின் பின்னறை என் பட்டறையாகிவிட்டது. பகல் பொழுதின் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது.

உன் மகள் தன் சேமிப்பில் ஒரு நல்ல கீபோர்டை வாங்காமல், தனித்தனிப் பகுதிகளைக் கம்பிகளால் இணைத்து ஒலி உருவாக்கும் மின்னணுக் கருவியான மாடுலர் சிந்தசைசருக்கான உதிரிபாகங்களை வாங்கித் தானே சால்டரிங் செய்யப்போவதாகச் சொல்வதாகவும், இது வீண் செலவா என்று உனக்குக் கவலையாக இருப்பதாகவும் எழுதியிருந்தாய். இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அவள் செய்ய நினைப்பதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இசையமைப்பாளர் தம் மாணவர்களோடு சேர்ந்து செய்திருக்கிறார். நான் பெரிதும் மதிக்கும் கருவி அப்படித்தான் பிறந்தது.

அவர் பெயர் செர்ஜ் செரெப்னின். 1941-இல் பிரான்சில் பிறந்தவர். தந்தை அலெக்சாண்டர் செரெப்னின் ரஷ்ய இசையமைப்பாளர். தாய் லீ சியென் மிங் சீனப் பியானோ கலைஞர். பாட்டனார் நிக்கலாயும் இசையமைப்பாளரே. இசை மூன்று தலைமுறையாக ஊறிய அந்த வீட்டிலிருந்து வந்தவர் மின்சுற்றுகளின் பக்கம் திரும்பினார். 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் கால்ஆர்ட்ஸ் கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்தார். மின்னிசைக் கருவி வடிவமைப்பாளரான டான் புக்லா வடிவமைத்த மாடுலர் கருவிகள் அப்போது அங்கு இருந்தன. அவை அருமையான கருவிகள்தாம்; ஆனால் ஒரு மாணவர் சொந்தமாக வாங்க நினைத்துப் பார்க்க முடியாத விலை. அதே ஆற்றலை எளியவர்களின் கைக்கு எட்டும்படி செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு, ரிச் கோல்ட், ராண்டி கோஹன் ஆகிய மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு செர்ஜ் வேலையைத் தொடங்கினார். முதல் இருபது கருவிகள் 1973-இல் அவருடைய வீட்டிலேயே உருவாயின. பிறகு மாணவர்கள் தாங்களே பொருத்திக்கொள்ளும்படி உதிரிபாகத் தொகுப்புகளைத் தயாரித்தார். கழகக் கட்டடத்தின் இரண்டாம் தள மாடத்தில், அதிகாரபூர்வ அனுமதி ஏதும் இல்லாமலேயே அந்த உற்பத்தி நடந்தது. 1974-இல் ஆசிரியப் பணியை விட்டுவிட்டு இதையே தொழிலாக ஏற்றுக்கொண்டார்.

மலிவு என்பது இங்கே வெறும் இரக்கம் அல்ல என்பது என் எண்ணம். குறைந்த பாகங்களைக் கொண்டு நிறைய வேலை வாங்க வேண்டிய கட்டாயம் செர்ஜின் வடிவமைப்பையே மாற்றியது. அவருடைய சரிவு உருவாக்கி என்ற சுற்றை எடுத்துக்கொள். அதில் மின்னழுத்தம் ஒரு வேகத்தில் ஏறும், மற்றொரு வேகத்தில் இறங்கும். இரண்டு நேரங்களையும் தனித்தனிக் குமிழ்களால் திருத்தலாம், வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தாலும் மாற்றலாம். இதற்கு மேல் அந்தச் சுற்றுக்கு எதுவும் தெரியாது. ஒரு மின்துடிப்பைக் கொடுத்தால் ஒருமுறை ஏறி இறங்கி நின்றுவிடும். அதை ஒலியளவோடு இணைத்தால், மீட்டிய தந்தியின் நாதம் போல ஒலி எழுந்து அடங்கும். இறங்கி முடிந்ததும் வெளிவரும் துடிப்பை ஒரு கம்பியால் அதன் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டால் ஓயாமல் ஏறி இறங்கும். மெதுவாக ஓடும்போது இன்னொரு சுருதியை அசைக்கப் பயன்படும், வேகத்தைக் கூட்டினால் அதுவே காதுக்கு ஒரு சுருதியாகிவிடும். படிப்படியாகத் தாவும் மின்னழுத்தத்தை அதன் வழியே அனுப்பினால், உன் மொழியில் சொல்வதானால், தாவல் ஜாருவாகிவிடும், அதாவது வழுக்கிச் செல்லும்.

எனக்கு மிகவும் பிடித்த பயன் ஒன்று உண்டு, அது உனக்கும் பிடிக்கும். ஏறி இறங்கி முடிக்கும் வரையில் அந்தச் சுற்று புதிதாக வரும் துடிப்பைக் கண்டுகொள்வதில்லை. நொடிக்கு 440 துடிப்புகளை, அதைச் சட்ஜமமாகக் கொண்டு, அதற்கு அனுப்பி, ஏறி இறங்கும் நேரத்தைச் சற்று நீட்டினால், ஒன்று விட்டு ஒன்றுக்கே அது பதில் சொல்லும். அப்போது கேட்பது 220, அதாவது ஒரு ஸ்தாயி கீழே அதே சட்ஜமம். இன்னும் நீட்டினால் மூன்றில் ஒன்று, ஏறத்தாழ 146.7, அது அதற்கும் கீழுள்ள ஸ்தாயியின் சுத்த மத்யமம். அதற்கு மேலும் நீட்டினால் 110, மீண்டும் சட்ஜமம். ஒரே ஒரு குமிழைத் திருப்பும்போது ஸ்வரங்கள் இப்படிப் படி இறங்கி வருவதை முதன்முதலாகக் கேட்டபோது, இத்தனை ஆண்டுகள் மின்னணுவியல் கற்பித்தும் இந்தக் கணக்கைக் காதால் அறியாமல் இருந்துவிட்டேனே என்று வியந்து அமர்ந்திருந்தேன்.

இவற்றில் எது அந்தச் சுற்றின் உண்மையான வேலை என்று செர்ஜ் தீர்மானிக்கவில்லை; கம்பியைச் செருகுகிறவர்தான் தீர்மானிக்கிறார். புக்லாவின் கருவிகளில் ஒலிக்கு ஒரு வகைச் செருகி, கட்டுப்பாட்டு மின்னழுத்தத்துக்கு வேறு வகைச் செருகி. ஒன்றை மற்றொன்றில் செருக முடியாது. செர்ஜ் எல்லாவற்றுக்கும் பனானா எனப்படும் ஒற்றை முனைச் செருகி ஒரே வகையை வைத்தார். துளைகளின் நிறம் மட்டும் வழிகாட்டும்: ஒலிக்குக் கறுப்பு, கட்டுப்பாட்டுக்கு நீலம், துடிப்புக்குச் சிவப்பு. அதை மீறிச் செருகினால் தடுக்க எதுவும் இல்லை, மிக நல்ல ஒலிகள் பல அந்த மீறலில்தான் கிடைக்கின்றன.

பியானோவில் உள்ளது போன்ற கட்டைகள் இல்லாத கருவியில் என்ன இசை என்று கேட்டிருந்தாய். விரலால் தொடும் பதினாறு தகடுகள் கொண்ட ஒரு பகுதியையும் செர்ஜ் செய்தார். ஒவ்வொரு தகட்டுக்கும் மேலே நான்கு குமிழ்கள். அந்தத் தகட்டைத் தொட்டால் எந்த மின்னழுத்தம் பிறக்க வேண்டும் என்பதை அவற்றால் நாமே அமைக்க வேண்டும். பியானோவின் பன்னிரண்டு சுருதிகளுக்கு இங்கே கட்டுப்பாடில்லை. காந்தாரம் எவ்வளவு தாழ்ந்து நிற்க வேண்டும் என்பதைக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம். உன்னிடம் பாடம் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, கடையில் வாங்கும் கீபோர்டை விட இது நெருக்கமாக இருக்கும் என்றே நம்புகிறேன்.

1980-களில் செர்ஜ் அந்தத் தொழிலை நிறுத்தினாலும், அவருடைய சுற்றுகளை வேறு சிலர் உரிமை பெற்றுத் தொடர்ந்து செய்து வருகிறார்கள். இன்று பலரும் வாங்கும் 'மேக் நாய்ஸ்' நிறுவனத்தின் 'மேத்ஸ்' என்ற பகுதியும் அந்தச் சரிவு உருவாக்கியின் வழியில் வந்ததே.

ஆகவே அவளைத் தடுக்காதே. ஆனால் முழுக் கருவிக்குரிய பாகங்களையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம் என்று சொல். முதலில் மின்வழங்கியும் ஒரு சரிவு உருவாக்கியும் போதும். அதற்கு வேண்டிய ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லு, மின்தேக்கி முதலியவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். மின்வழங்கியை மட்டும் மின் இணைப்பு கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டச் சொல். பனானா கம்பியில் ஒரே ஓர் இழைதான் இருக்கும், ஆதலால் இரண்டு தனிப் பெட்டிகளை இணைக்கும்போது அவற்றின் தரை முனைகளையும் ஒரு கம்பியால் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு, பாகம் பழுது என்று நினைத்துப் பிரித்துப் போடுபவர்கள் பலர்.

பொங்கல் விடுமுறையில் அவளை இங்கே அழைத்து வா. என் மேசையில் இரண்டு சால்டரிங் கருவிகள் இருக்கின்றன, சுற்றுப் படங்களையும் எடுத்து வைக்கிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்