உசிலம்பட்டி பஸ்ஸை விட்ட தங்கச்சிக்கு

பார்வை குறைந்த பிள்ளைகளுக்காகப் போட்ட பெரிய எழுத்துப் புத்தகம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன கூத்தெல்லாம் நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

தாளைக் கடனுக்குத் தந்த கீழமாசி வீதி அண்ணாச்சி, ராத்திரியோடு ராத்திரியாக பைண்டிங் போட்ட தம்பிகள், மெய்ப்புப் பார்த்த கணக்கு டீச்சர், வண்டி ஓட்டிய மச்சான், எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

ஆனால் இந்த மடல் பேர் தெரியாத ஒரு பிள்ளைக்கு.

சிம்மக்கல் ஜெராக்ஸ் கடைக்கு ப்ராஜெக்டை ஸ்பைரல் போட வந்திருந்தது. நான் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பைதான் நிரல்மொழியில் பைஎக்ஸ் என்ற படம் வரையும் தொகுப்பை வைத்துத்தான் புத்தகத்துக்குக் கிராப் போடுகிறோம். எழுத்தை மட்டும் அது பின்னால் ஓடுகிற லாடெக் என்ற அச்சுக்கோக்கும் மென்பொருளிடம் கொடுத்துக் கோத்து வாங்கும். முதல் எழுத்து கோத்ததும் முகப்புக் கட்டளைகள் பூட்டிக்கொள்ளும். அப்புறம் எழுத்தின் அடிப்படை அளவைத் தீர்மானிக்கிற டாக்குமென்ட் கிளாஸை மாற்ற வழியில்லை. அதனால் 10 பாயின்ட் எழுத்துக்கு ஒரு எஞ்சின் (லாடெக்கை ஓட்டுகிற பகுதி), பார்வை குறைந்த பிள்ளைகளின் 20 பாயின்டுக்கு இன்னொன்று. (வழக்கமான ஆர்ட்டிகிள் கிளாஸ் 12 பாயின்டோடு நின்றுவிடும். 20-க்கு எக்ஸ்ட்ஆர்ட்டிகிள் கிளாஸ் வேண்டும்.) நான் எழுதிய தலைப்பெல்லாம் பெரிதாக வந்தது. கிராப்பின் அச்சுக்கோட்டில் இருக்கும் எண்கள் மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி.

அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்தது. "அண்ணே, அச்சு நம்பரை நீங்க எழுதல, கிராப்பே எழுதுது. அதுக்கு எந்த எஞ்சின்னு சொன்னீங்களா? சொல்லலேன்னா பழைய ஆளுகிட்டதான போகும்?"

கிராப்பும் ஒரு கேன்வாஸ்தானே (படம் வரைகிற பரப்பு), அதிலேயே எஞ்சினைக் கட்டிவிடச் சொன்னது. ஒரே வரி. மூன்று நாளாக என் கண்ணில் படாத வரி.

போயிருக்கலாம். போகவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தது. "எங்கம்மா கடையில ரெண்டு தோசைக்கல்லுண்ணே. ஒண்ணு கறிதோசைக்கு, ஒண்ணு விரதக்காரவுகளுக்கு. கறி வாசம் ஏறின கல்லு அன்னைக்கு முழுக்க அப்பிடித்தான். ஆனா எந்தக் கல்லுல ஊத்தணும்னு மாஸ்டருக்குச் சொல்லணும்ல?"

ஆரப்பாளையத்தில் ஏழு மணி உசிலம்பட்டி பஸ் போயே போய்விட்டது. "அடுத்ததுல போய்க்கிறேன்" என்று பாதி டீயைக் குடித்துவிட்டு எழுந்தது. பேர் கேட்கத் தோன்றவில்லை எனக்கு, மடையன்.

பைதான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பேர் வைக்கலாம். நிரலில் இப்போது ஒரு எஞ்சின் சைவக்கல், இன்னொன்று கறிக்கல். நான் இருக்கிறவரை யாரும் மாற்றக்கூடாது.

ஸ்பைரலுக்குக் கொடுத்ததில் மீதிச் சில்லறை 15 ரூபாயை நீ வாங்காமலே போய்விட்டாயாம். கடைக்காரர் என்னிடம் தந்திருக்கிறார். வந்து வாங்கிக்கொள், தங்கச்சி.