அக்னிவீரரின் முழங்காலுக்கு யார் செலவு செய்வது?

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வேலூர் மாவட்டத்துக்காரன், பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிற ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்களுக்கு ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. ரேங்குக்கு ஏற்ப ஒருமுறை சந்தா கட்டினோம். பாலிகிளினிக்கில் வரிசை, ரெஃபரலுக்கு அலைச்சல், கேட்ட மாத்திரை ஸ்டாக் இல்லை என்று குறைகள் ஏராளம். ஆனாலும் சாகும்வரை வைத்தியத்துக்கு வழி உண்டு என்ற தெம்பு இருக்கிறது.

இப்போது போகிற பிள்ளைகளுக்கு அது கிடையாது. நான்காண்டுப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் சேர்கிறவரைத்தான் அக்னிவீரர் என்கிறோம். 2022 ஜூனில் அறிவித்த அதன் விதிகளின்படி, நான்காண்டு முடித்து வெளியேறுகிறவருக்கு ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதி இல்லை, ஈ.சி.எச்.எஸ்.-ம் இல்லை. ஓய்வூதியத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசியாகிவிட்டது, நான் அதற்குள் போகவில்லை. பணியில் பட்ட காயத்துக்கு வெளியே வந்தபின் யார் செலவு செய்வது?

இழப்பீடு கொடுக்கிறோமே என்பீர்கள். உண்மைதான். பணியால் வந்த ஊனம் 100 சதவீதம் என்றால் 44 லட்சம், 75 என்றால் 25 லட்சம், 50 என்றால் 15 லட்சம். ஆனால் நான் அதிகம் பார்த்தவை அந்தக் கணக்கில் ஏறாத காயங்கள். பீரங்கிக்காரனுக்குக் காதில் ஓயாத ரீங்காரம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். மலையில் சுமையோடு ஏறி இறங்கியவனுக்கு முழங்கால், இடுப்பு. இருபத்தோரு வயதில் ஜவ்வு கிழிந்தால் படை மருத்துவமனையில் தைத்துவிடுவார்கள். நாற்பத்தைந்தில் அதே மூட்டு தேய்ந்து நிற்கும்போது எந்த வாசலில் போய் நிற்பான்?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. ஒரு செக்யூரிட்டி வேலை கிடைத்தாலே தாண்டிவிடும். தாண்டாவிட்டாலும், தில்லி கொடுத்த வேலையில் உடைந்த காலுக்குச் சென்னை ஏன் பணம் கட்டவேண்டும்? துணை ராணுவத்தில் ஒதுக்கீடு இருக்கிறது என்கிறீர்கள். அங்கேயும் உடல் தகுதி பார்த்துத்தானே எடுப்பார்கள்!

அமெரிக்காவில், பணியோடு தொடர்பில்லாத நோய்களுக்கு முன்னாள் வீரரின் தனியார் காப்பீட்டிடம் அரசு பணம் வசூலிப்பது பழைய வழக்கம். பணிக்காயத்துக்கும் அப்படியே வசூலிக்கலாமா என்று 2009இல் ஒபாமா அரசு யோசித்தது. வீரர் சங்கங்கள் கொதித்தெழ, அந்த மார்ச்சிலேயே கைவிட்டது. இங்கே காப்பீட்டுக்காரனும் இல்லை. பில் நேரே அப்பன் கைக்கு வரும்.

விதியில் இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். அதிகாரிப் பயிற்சியில் காயப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட கேடட்டுகளும் முன்னாள் படைவீரர் அல்லர் என்றுதான் பல்லாண்டு ஒதுக்கப்பட்டிருந்தார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. அந்த மாதமே சந்தாகூட வாங்காமல் ஈ.சி.எச்.எஸ். கொடுத்தீர்கள். நல்ல காரியம். பரங்கிமலையில் பயிற்சியில் விழுந்த கேடட்டுக்குச் செய்ததை எல்லையில் காவல் நின்ற சிப்பாய்க்கும் செய்யலாமே.

வெளியேறும் ஒவ்வொருவரையும் மருத்துவர்கள் முழுதாகப் பரிசோதித்து, சின்னக் காயத்தையும் எழுதி, நகலை அவன் கையில் கொடுக்கட்டும். பணியால் வந்தது, பணியால் மோசமானது எதுவோ, அதற்கு மட்டுமாவது ஆயுள் முழுக்கச் சந்தா இல்லாமல் சிகிச்சை வேண்டும். குடும்பத்துக்குக்கூட நான் கேட்கவில்லை. சந்தேகம் வந்தால், நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயுடையது அல்ல என்று 2013இல், ஊன ஓய்வூதியம் கேட்ட சிப்பாய் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பின்பற்றுங்கள்.

முதலில் சேர்ந்தவர்களுக்கு 2026 இறுதியில் நான்காண்டு முடியத் தொடங்குகிறது. ஆணை அதற்குமுன் வரவேண்டும். பிந்தினால், பழைய மருத்துவக் குறிப்பு கேட்டு ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பார்கள். அது எவ்வளவு காலம் இழுக்கும் என்று எங்களைப் போன்றவர்களைக் கேளுங்கள், சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவன்,
வேலூர் மாவட்டம்