ஐரிஷ் மேலவையும் ஒரு கடைக்காரரின் மசோதாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மேலவைகள் தேவையா என்று கேட்டுச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை, அயர்லாந்து செனட்டை ஒரே பத்தியில் 'அதிகாரமில்லாத பேச்சு மன்றம்' என்று சொல்லி முடித்துவிட்டது. அதிகாரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அங்கே நடப்பதெல்லாம் பேச்சோடு நின்றுவிடுகிறது என்பதை ஏற்க முடியவில்லை. ஃபெர்கல் குவின் என்ற செனட்டர் செய்துவிட்டுப் போனதை விவரமாகப் பார்த்தால் கட்டுரையாளரே தம் கருத்தை மாற்றிக்கொள்வார் என்று நம்புகிறேன்.

குவின் அடிப்படையில் மளிகைக் கடைக்காரர். 1960இல் டன்டாக் நகரில் அவர் திறந்த ஒரு கடைதான் பின்னாளில் 'சூப்பர்குவின்' என்ற பெரிய கடை வரிசையாக வளர்ந்தது. 1993 முதல் 2016 வரை, எந்தக் கட்சியிலும் சேராமல், அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் பிரதிநிதியாகச் செனட்டில் இருந்தார். 2019 ஏப்ரலில் காலமானார்.

கட்சி இல்லாத ஒரு செனட்டருக்கு எதெல்லாம் முடியாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1937ஆம் ஆண்டு அரசியல் சாசனப்படி, கீழவை நிறைவேற்றிய மசோதாவை மேலவை 90 நாள் வரை நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். நிதி மசோதா என்றால் 21 நாள், அதிலும் பரிந்துரை மட்டுமே. நிதி மசோதாவை மேலவையில் தொடங்கவே முடியாது. சாசனத் திருத்தமும் கீழவையில்தான் தொடங்க வேண்டும் என்கிறது 46ஆம் பிரிவு. அரசுக் கஜானாவிலிருந்து செலவு வைக்கும் எந்த மசோதாவுக்கும் அரசின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நடுவில் நாடாளுமன்றம் கலைந்தால் முடியாமல் கிடக்கும் மசோதா காலாவதியாகும். புதிய அவை தீர்மானம் போட்டு உயிர்ப்பித்தால்தான் உண்டு. போதாததற்கு, 60 உறுப்பினர்களில் 11 பேரைப் பிரதமரே நியமிப்பதால் அரசுக்கு அநேகமாக எப்போதும் பெரும்பான்மை இருக்கும். ஆகவே அங்கே ஒரு தனிநபர் மசோதா சட்டமாக வேண்டுமென்றால் பணம் கேட்கக் கூடாது, சாசனத்தைத் தொடக் கூடாது, எந்த ஆட்சி வந்தாலும் எதிர்க்கக் கூச்சப்படும்படி அதன் நியாயம் இருக்க வேண்டும்.

2010இல் குவின் கொண்டுவந்த கட்டுமான ஒப்பந்த மசோதா இந்த மூன்றுக்கும் பொருந்தியது. 2008 சரிவுக்குப் பிறகு அயர்லாந்தில் கட்டுமானத் தொழில் குலைந்து கிடந்த நேரம் அது. மெயின் காண்ட்ராக்டருக்குப் பணம் நின்றால் அடுத்த அடி சப்-காண்ட்ராக்டருக்கு. வயரிங் போட்டவர், பிளம்பிங் செய்தவர், பூச்சு வேலைக்காரர் எல்லாரும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 'மேலே இருந்து எனக்கு வந்தால்தான் உனக்குத் தருவேன்' என்ற வாசகம் ஒப்பந்தத்திலேயே இருந்தது. கோர்ட்டுக்குப் போனால் வருடக் கணக்கு. அதற்குள் சின்ன நிறுவனம் கடையைக் கட்டிவிடும்.

2013இல் அந்த மசோதா சட்டமானது. அது செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். சப்-காண்ட்ராக்டர் பில் கேட்பதற்கான தேதி 30 நாளுக்கு ஒருமுறை வரும். அந்தத் தேதியிலிருந்து 5 நாளுக்குள் அவர் கோரிக்கை அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு தொகை, எந்தக் காலத்து வேலை, எதற்காக, எப்படிக் கணக்கிட்டது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். தொகையை மறுப்பவர் அதே தேதியிலிருந்து 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். வெறுமனே 'முடியாது' என்றால் போதாது. எவ்வளவு தரத் தயார், ஏன் குறைக்கிறேன், அந்தக் குறைப்பை எப்படிக் கணக்கிட்டேன் என்று எழுத வேண்டும். 30ஆம் நாளுக்குள் பணம் வந்து சேர வேண்டும். வராவிட்டால் 7 நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்தலாம். 'வந்தால்தான் தருவேன்' என்ற வாசகம், மேலே இருப்பவர் திவாலான நிலை தவிர, செல்லாது. தகராறு முற்றினால் எந்த நேரத்திலும் நடுவரிடம் போகலாம். அவர் 28 நாளில் முடிவு சொல்ல வேண்டும். புகார் கொடுத்தவர் சம்மதித்தால் மட்டும் இன்னும் 14 நாள். பிறகு கோர்ட்டோ மத்தியஸ்தமோ வேறு முடிவு சொல்லும்வரை நடுவர் சொன்னதுதான் கட்டுப்படுத்தும். முதலில் பணத்தைக் கொடு, வாதத்தைப் பிறகு வைத்துக்கொள் என்பதுதான் இதன் சாரம். 'இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது' என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொண்டாலும் அது செல்லாது. பலம் உள்ளவர் பலமில்லாதவரிடம் முதலில் வாங்குவது அந்தக் கையெழுத்தைத்தானே!

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 10,000 யூரோவுக்குக் குறைவான ஒப்பந்தங்கள் இதில் வராது. 200 சதுர மீட்டருக்கு மேற்படாத வீட்டை, தான் குடியிருக்கக் கட்டிக்கொள்பவரின் ஒப்பந்தமும் வராது. நடுவரிடம் பணத் தகராறு மட்டுமே போகும். தரக்குறைவு, காலதாமதம் என்ற தகராறுகள் பணத்தோடு பிணைந்திருந்தால்தான் உள்ளே வரும். பில்லுக்கு 21 நாளில் பதிலே வராவிட்டால் கேட்ட முழுத் தொகையும் தானாகக் கடனாகிவிடுமா என்பதைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டது பெரிய ஓட்டை. இன்னொன்று, 2013 ஜூலையில் சட்டமானது 2016 ஜூலை 25 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் அன்று முதல் போடப்படும் ஒப்பந்தங்களுக்கு மட்டும். நடுவர் பட்டியலும் நடத்தை விதிகளும் தயாராக மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இருந்தாலும், ஒரு பொதுத் தேர்தலையும் ஒரு ஆட்சி மாற்றத்தையும் தாண்டி, எதிரெதிர் கட்சிகளின் இரண்டு அரசுகளின் கீழ் அந்த மசோதா உயிரோடு இருந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரசியல் சீர்திருத்தத்திலும் குவின் நடந்தது இதே வழியில்தான். செனட்டையே ஒழித்துவிடலாம் என்று, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த என்டா கென்னி 2009இல் அறிவித்தார். பிரதமரான பின் அதைப் பொது வாக்கெடுப்புக்கும் கொண்டுவந்தார். குவின், கேத்ரின் ஜப்போன், மைக்கேல் மெக்டவல், ஜோ ஓ'டூல், நோயல் வீலன் ஆகியோர் சேர்ந்து எதிர்ப் பிரசாரம் செய்தார்கள். இருப்பதை அப்படியே வைத்துக்கொள்வோம் என்று அவர்கள் கேட்கவில்லை என்பதுதான் முக்கியம். எதைச் சாசனத்தைத் தொடாமலேயே மாற்றலாம் என்று தேடினார்கள். செனட் தேர்தலை நடத்தும் முறை சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் யார் வாக்களிக்கலாம் என்பதைச் சாதாரணச் சட்டமே விரிவாக்கலாம். இதை வைத்துக் குவினும் ஜப்போனும் 2013இல் ஒரு மசோதா கொடுத்தார்கள். 43 இடங்களுக்கான வாக்குரிமையை எல்லாக் குடிமக்களுக்கும், வட அயர்லாந்திலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்கும் சேர்த்து, திறந்துவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். செனட்டர் சாசனத் திருத்தம் கொண்டுவர முடியாது என்ற தடைக்கு இது சரியான மாற்று வழி.

இதன் அருமை புரிய வேண்டுமானால் அந்த 43 இடங்கள் எப்படி நிரப்பப்படுகின்றன என்று தெரிய வேண்டும். விவசாயம் 11, தொழிலாளர் 11, தொழில்-வணிகம் 9, நிர்வாகம் 7, பண்பாடு-கல்வி 5 என்று ஐந்து குழுக்கள். வாக்களிப்பவர்கள் கீழவை உறுப்பினர்கள், செனட்டர்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள் ஆக ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே. ஒவ்வொருவருக்கும் ஐந்து வாக்குச்சீட்டு பதிவுத் தபாலில் வரும். வாக்காளர்கள் குறைவு, ஒற்றை மாற்று வாக்கு முறையில் (வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிக்கும் முறை) உபரி வாக்குகளைப் பகிரும்போது பின்னம் வரும் என்பதால், எண்ணும்போது ஒவ்வொரு சீட்டுக்கும் 1,000 மதிப்பு வைத்துவிடுகிறார்கள். உதாரணமாக விவசாயக் குழுவில் 1,150 செல்லுபடியான சீட்டுகள் விழுந்தால் மொத்த மதிப்பு 11,50,000. அதை 12ஆல் (11 இடங்களோடு ஒன்று) வகுத்துப் பின்னத்தை விட்டு ஒன்று கூட்டினால் கோட்டா, அதாவது ஒருவர் வெல்லத் தேவையான மதிப்பு, 95,834. ஏறக்குறைய 96 பேர் கையில் ஒரு செனட்டர் பதவி. கணக்கு மிக நுட்பமானது, நியாயமானதும்கூட. ஆனால் குடிமக்கள் அதில் எங்குமே இல்லை.

2013 அக்டோபர் 4 வாக்கெடுப்பில் ஒழிப்புக்கு எதிராக 6,34,437 பேரும் ஆதரவாக 5,91,937 பேரும் வாக்களித்தார்கள். வித்தியாசம் வெறும் 42,500. வாக்குப்பதிவு 39 சதவீதம். மேலவை பிழைத்தது. ஆனால் குவின்-ஜப்போன் மசோதா சட்டமாகவில்லை. 2015இல் மாரிஸ் மேனிங் தலைமையிலான குழு அந்த 43இல் 30 இடங்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. அதுவும் நடக்கவில்லை. காரணம் வெளிப்படை: மாற்ற வேண்டிய சட்டத்தை நிறைவேற்றுபவர்களே அந்த ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர்களில் முதல் வரிசையில் இருக்கிறார்கள்.

மீதமுள்ள ஆறு பல்கலைக்கழக இடங்களின் கதை இன்னும் வேதனையானது. தேசியப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று, டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரிக்கு மூன்று என்று இருந்தன. வேறு எங்கே படித்த பட்டதாரிக்கும் ஓட்டு இருக்கவில்லை. இதை மற்றக் கல்வி நிறுவனங்களுக்கும் விரிக்க 1979இலேயே மக்கள் 92 சதவீத ஆதரவுடன் சாசனத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். அதற்கான சட்டத்தை எந்த அரசும் போடவில்லை. கடைசியில் லிமரிக் பல்கலைக்கழகப் பட்டதாரி ஒருவர் வழக்குப் போட்டு, 2023 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2024இல் சட்டம் வந்தது. ஆறு இடங்களும் உயர்கல்வித் தொகுதி என ஒன்றாயின. ஆனால் 2025 ஜனவரித் தேர்தல் பழைய முறையில்தான் நடந்தது. பொதுத் தேர்தலில் புதிய தொகுதியைப் பார்க்க அடுத்த முறை வரை பொறுக்க வேண்டும். குவின் அந்த மூன்று இடங்களில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டே வாக்குரிமையைத் திறந்துவிடச் சொன்னவர் என்பதால் அவர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

நம் வாசகர்களுக்கு ஒரு தொடர்பு உண்டு. மாநிலங்களவையில் குடியரசுத் தலைவர் 12 பேரை நியமிக்கும் ஏற்பாட்டை நம் சாசன அவை அயர்லாந்திலிருந்துதான் எடுத்தது. 1986இல் கலைக்கப்பட்ட தமிழ்நாடு சட்ட மேலவையிலும் பட்டதாரிகளுக்கென்று தொகுதிகள் இருந்தன. அதை மீண்டும் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் செலவுக் கணக்கும் யாருக்குப் பதவி என்ற கணக்கும்தான் முன்னே வருகின்றன. மேலவை உறுப்பினர் ஒருவர் எந்த மசோதாவைத் தானே எழுதிக் கொடுக்கலாம், அதற்கு அவையில் எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படும், அவை கலைந்தால் அந்த மசோதா என்னவாகும் என்ற மூன்றையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டுரையாளர் தம் அடுத்த பகுதியில் இவற்றை எடுத்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.