எச்சரிக்கையை அடக்காதே, மச்சான்

கொழும்பு-06

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வருத்தம் இப்போது எப்படி? இங்கே அக்காவின் மூத்தவளுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வீடு முழுக்கச் சந்தோஷம்.

நீ அனுப்பிய, சி மொழியில் எழுதிய தட்டச்சுப் பயிற்சி நிரலை முழுக்கப் பார்த்தேன். மடிக்கணினியில் ஓடுவது ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் நிற்காமல் சுழல்கிறது, கொம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தரும் எச்சரிக்கைகளை காஸ்ட் போட்டு, அதாவது வகையை வலிந்து மாற்றி, அடக்கிவிடவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கொம்பைலர் சொல்வது அத்தனையும் நியாயம்.

விசையை வாசிக்கும் கெட்ச் தருவது இன்ட், அதாவது பல பைட்டு கொண்ட முழு எண். பழைய நிரல் அதை ஒரே பைட்டு கொண்ட சார் ஒன்றுக்குள் திணிக்கிறது. திரையையும் விசைகளையும் கையாளும் நிரல் தொகுப்பான என்கர்சஸில் மேல் அம்புக்குறியின் எண் 259. ஒரு பைட்டுக்குள் 256 மதிப்புகளே அடங்கும், அதனால் அங்கே போனதும் அது 3 ஆகிவிடும்; கன்ட்ரோல்-சி-யின் எண்ணும் அதுதான். இடது அம்புக்குறி 260, அது 4 ஆகும். கேஸ் வரியில் உள்ள எண் அந்த வகைக்குள் அடங்காது என்று கொம்பைலர் கத்துவது இதற்குத்தான். பிள்ளைகள் அம்புக்குறியை அழுத்தி ஒன்றும் நடக்காததும் இதனால்தான்.

சுழல்வதற்கும் அதே வரிதான் காரணம். விசை எதுவும் வராதபோது கெட்ச் -1 தருகிறது. உன் மடிக்கணினியில் சார் குறியுள்ள வகை (-128 முதல் 127 வரை), அதனால் -1 அப்படியே நிற்கும். பையில் உள்ள ஆர்ம் செயலியின் லினக்ஸில் சார் குறியற்றது (0 முதல் 255 வரை). -1 அங்கே 255 ஆகிவிடும், ஒப்பீடு ஒருநாளும் பொருந்தாது. சாரைக் குறியுள்ளதாக்கும் கொம்பைலர் கொடியைப் போட்டால் சுழற்சி நிற்கும், ஆனால் அம்புக்குறிகள் செத்தபடியே கிடக்கும். மாறியை இன்ட் ஆக்கு, இரண்டும் ஒன்றாகத் தீரும்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது, பைட்டின் எண்ணை வைத்து நிரல் தேடும் அந்த 256 இட அட்டவணை. சார் வகையைச் சுட்டெண்ணாக (அட்டவணையில் இடத்தைக் காட்டும் எண்ணாக) போடாதே என்ற எச்சரிக்கையை ஆங்கிலம் மட்டும் தட்டச்சுகிறவர் பார்த்தும் பாராமல் விடலாம், அவருடைய எழுத்துகள் 127க்குள் அடங்கிவிடும். நமக்கு அப்படியில்லை. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'அ' என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். குறியுள்ள சாரில் அவை -32, -82, -123. யூனிகோடின் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு ('கி' போன்ற எழுத்தில் இரண்டு குறி, ஆறு பைட்டு), எல்லாமே மறை எண்! மடிக்கணினியில் பாட வரியை வாசிக்கும்போதெல்லாம் நிரல் அட்டவணைக்கு வெளியே, அதற்கு முன்னால் கிடக்கும் நினைவகத்தைத் தொடுகிறது. இவ்வளவு நாள் அது விழாமல் ஓடியது அதிர்ஷ்டம்.

அந்த இடத்தில் மட்டும் அன்சைன்ட் சார் ஆக்கிவிட்டுச் சுட்டெண்ணாகக் கொடு. அங்கே காஸ்ட் போடுவது சரி. பாட வரிகள் சார் ஆகவே இருக்கட்டும். அவற்றையும் மாற்றினால், வரியின் நீளத்தை அளக்கும் ஸ்டர்லென் போகுமிடமெல்லாம் புதிய எச்சரிக்கைகள் கிளம்பும். நேரே விசையிலிருந்து வரும் எண் 255ஐத் தாண்டினால் அட்டவணைப் பக்கம் விடாதே.

ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புக்கான பாடங்களை யார் எழுதினார்களோ, மிகக் கவனமாக எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்புக்காகவாவது நிரல் ஒழுங்காக ஓட வேண்டும்.

திருத்திய கோப்பை இத்துடன் அனுப்புகிறேன். பையில் எல்லா எச்சரிக்கைகளையும் திறந்துவிட்டு கொம்பைல் பண்ணி, வருவதை ஒரு வரி விடாமல் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்