லைப்ரரி பத்து மணி வரை, பஸ் ஆறரை வரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் விடுதி கிடைக்காமல் பி.ஜி. எனப்படும் பேயிங் கெஸ்ட் வீடுகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றித் தங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். எனக்கு விடுதி கிடைத்தது. ஆனால் வளாகத்தில் இல்லை. 11 கிலோமீட்டர் தள்ளி, கனகபுரா சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு லேஅவுட்டில். ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடி வீடுகளில் ஆறை எங்கள் பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு ஐந்து பெண்களாக வைத்திருக்கிறது.

வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். சொந்தமாக அடுப்படி இருக்கிறது. தென்காசியிலிருந்து அம்மா கொடுத்துவிடும் இட்லிப்பொடிக்கு மங்களூர்த் தோழியும் அடிமை.

சிக்கல் பஸ்ஸில்தான். பல்கலைக்கழகத்தின் கடைசி பஸ் மாலை ஆறரைக்கு. லைப்ரரியோ இரவு பத்து வரை. அப்புறம் பி.எம்.டி.சி.யில் (பெங்களூரின் அரசு டவுன் பஸ்) இரண்டு பஸ் மாறி வர வேண்டும். (2023 ஜூனிலிருந்து கர்நாடக அரசு பஸ்களில் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் கர்நாடக முகவரி வேண்டும். என் ஆதாரில் தென்காசி. கண்டக்டர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டிக்கெட் கொடுக்கிறார். அவரும் தமிழர்தான்!) லைப்ரரிக் கட்டணம் மட்டும் வளாகத்துக்குள் இருப்பவர்கள் கட்டுகிற அதே தொகை.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, குழாயில் காற்றுதான் வந்தது. எங்கள் லேஅவுட்டில் காவிரி இணைப்பு இல்லை, போர்வெல்தான். வார்டனுக்குப் போன் போட்டால், "ஓனரிடம் சொல்லுங்கள்" என்றார். ஓனர், "ஒப்பந்தம் யூனிவர்சிட்டியோடு, அவர்களைக் கேளுங்கம்மா" என்றார். ஞாயிறு மதியம் வரை இதே கதை. கடைசியில் நாங்களே காசு போட்டு டேங்கர் வரவழைத்தோம். அந்தப் பணத்தைக் கேட்டால் ரசீது கொண்டுவரச் சொல்கிறார்கள். அவசரத்துக்கு வந்த டேங்கர்காரரிடம் ரசீதுக்கு எங்கே போவது?

ராகிங் தடுப்புக்காக யு.ஜி.சி. 2009இல் கொண்டுவந்த விதிகள் வளாகத்துக்கு வெளியே இருக்கும் விடுதிகளுக்கும் பொருந்தும். அதற்கான உறுதிமொழியில் எங்களிடமும் பெற்றோரிடமும் மறக்காமல் கையெழுத்து வாங்கினார்கள். தப்பு செய்தால் இந்த வீடு வளாகத்தில் சேர்த்தி. தண்ணீர் கேட்டால் வெளியிடம்.

முப்பது பேர் இருக்கிறோம். லைப்ரரி மூடியதும் ஒரு வேன் விட்டால் போதும். தண்ணீர், கரன்ட் என்றால் கூப்பிட ஒரு நம்பரும், அதை எடுக்க ஓர் ஆளும் வேண்டும்.

அடுத்த ஆண்டு பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் விடுதி எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. படிவத்தில் "விடுதி வசதி உண்டு" என்று போட்டிருந்தது. சரி, அது பொய்யில்லை.

இப்படிக்கு,
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி,
பெங்களூரு