சதுரங்க ஆட்டக் குறிப்பு இனி வேறு மாதிரி தெரியும்

சுங்கை சிப்புட் வாடிக்கையாளர்களுக்கும், பிள்ளைகள் ஆடிய சதுரங்க ஆட்டங்களை நம் கடையின் அகப்பக்கத்தில் போடச் சொல்லி அனுப்பும் பெற்றோர், ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு தாத்தா கடைக்கு வந்து, கைப்பேசியை மேசைமேல் வைத்து, "தம்பி, இதுல கறுப்பும் வெள்ளையும் ஒரே காயையா நகர்த்துது?" என்று கேட்டார். பார்த்தால் தப்பு எங்களுடையதுதான். பேரன் ஆடியது நிம்சோ-இந்தியத் தொடக்கம். அதில் கறுப்பு மந்திரி சி3 கட்டத்தில் நிற்கும் குதிரையை வெட்டும், வெள்ளை உடனே பி வரிசைச் சிப்பாயால் திருப்பி வெட்டும். முதல் நகர்வை எழுதப் பெரிய பி (B), அது மந்திரியின் ஆங்கில எழுத்து. அடுத்ததற்குச் சின்ன பி (b), அது வரிசையின் பெயர். அழகாக இருக்கட்டும் என்று பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தாக்கி வைத்திருந்தோம், இரண்டும் ஒன்றாகிப் போய்விட்டது.

சரி, எழுத்தே வேண்டாம், காய்க்குப் படம் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். நம் ஊருக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். நாம் வீட்டில் மந்திரி என்று சொல்லும் காய் மலாயில் காஜா, அதாவது யானை. நாம் யானை என்பதோ மூலையில் நிற்கும் கோட்டை. மலாயில் மெந்திரி என்றால் அது ராணி! ஒரே பயிற்சியில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். குதிரைப் படத்தை யார் பார்த்தாலும் குதிரைதான். அச்சிடும் இதழ்களில் காய்ப் படம் போடுவதே நல்லது என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளும் சொல்கின்றன.

இரண்டு பக்கத்துக்கும் வெள்ளைக் காயின் படத்தையே பயன்படுத்துகிறோம், கறுப்புப் படம் எழுத்துகளுக்கு நடுவே மை கொட்டியது போலத் தெரிகிறது. கணினி எழுத்துகளின் பொதுத் தொகுப்பான யூனிகோடில் இருக்கும் வழக்கமான பன்னிரண்டு காய்களில் கறுப்புச் சிப்பாயை மட்டும் பல கைப்பேசிகள் இமோஜியாக மாற்றிவிடும். நல்லவேளை, சிப்பாய் நகர்வுக்குக் கட்டத்தின் பெயர் போதும், படம் தேவையில்லை.

அப்புறம் வரி உடைவது. நகர்வு எண் ஒரு வரியின் கடைசியிலும் நகர்வு அடுத்த வரியிலும் விழுந்ததாகப் பலர் சொன்னீர்கள். எண்ணுக்கும் நகர்வுக்கும் நடுவே இப்போது உடையாத இடைவெளி போட்டாயிற்று. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றிக் கோட்டை கட்டுவதிலும் அப்படித்தான்: ராணிப் பக்கம் கட்டும் 0-0-0 நடுக்கோட்டில் உடைந்து, கடைசிச் சுழி கீழே போனால், ராஜா பக்கம் கட்டியதாக (0-0) பிள்ளை நினைத்துக்கொள்ளும். அதற்கும் உடையாத கோடு. முக்கிய ஆட்டம் தடித்த எழுத்தில், "இப்படி ஆடியிருக்கலாம்" என்ற கிளை ஆட்டங்கள் மெல்லிய எழுத்தில் தள்ளி வரும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். புலனத்தில் ஆட்டத்தைத் தட்டி அனுப்பும்போது, எண்ணுக்குப் பின் புள்ளி வைத்ததும் அடுத்த எழுத்தைக் கைப்பேசி தானாகப் பெரியதாக்கிவிடுகிறது. சிப்பாய் மறுபடியும் மந்திரி ஆகிவிடும். ஒன்று அந்த வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளை கையால் எழுதிய தாளைப் படம் பிடித்து அனுப்புங்கள், நாங்களே தட்டிக்கொள்கிறோம். ஆட்டத்தைப் பதியும் பிஜிஎன் (PGN) என்ற கணினிக் கோப்பாக அனுப்புகிறவர்கள் கோட்டை கட்டுவதற்குச் சுழி போடாமல் ஆங்கிலப் பெரிய ஓ (O) எழுத்தைப் போடவும். 1993இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த முறை அது, சுழியைச் சில மென்பொருள்கள் ஏற்பதில்லை.

பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம், இதற்குக் கட்டணம் கிடையாது. தாத்தாவின் பேரன் ஆட்டத்தைத்தான் முதலில் சரிசெய்தோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்